மலையில் இருந்தபடியே பாய்மரப் படகு வாழ்க்கைக்குத் தயாராவது எப்படி?

கொடைக்கானல், ஊட்டி, கோத்தகிரி பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களில் சிலருக்கு ஓர் ஆசை இருக்கிறது. வாடகை வீட்டை விட்டுவிட்டு ஒரு பாய்மரப் படகு வாங்கி, அதிலேயே குடியிருந்து, ஓட்டவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் படகு வாங்கலாம்?" என்பது. உண்மையில் அது கடைசியில் கேட்க வேண்டியது.

படகு ஓட்டுவது ஒரு வித்தை, படகில் குடியிருப்பது வேறொரு வித்தை. இரண்டையும் சேர்த்துத் தொடங்குகிறவர்களுக்கு என்ன ஆகிறது என்றால், குடித்தனம் முந்திக்கொள்கிறது. அடுப்பு, துணி, புத்தகம், லேப்டாப் எல்லாம் பரப்பி வைத்த பிறகு கட்டின கயிற்றை அவிழ்க்க மனசு வராது. படகு கரையிலேயே நிற்கும். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை இதுதான்: முதலில் ஓட்டப் பழகுங்கள், பிறகு இரவல் படகில் குடியிருந்து பாருங்கள், வாங்குவது அதற்கும் பிறகு. கடல் தூரத்தில் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். ஏறக்குறைய பாதிப் பாடத்தை மலையிலேயே படித்துவிடலாம்.

நீச்சல், பிறகு துடுப்பு

நீந்தத் தெரியாதவர்கள் இதைத் தாண்டி அடுத்த படிக்குப் போகக் கூடாது. நம் ஏரிகளில் இறங்கிக் குளிக்கும் பேச்சே கூடாது. தண்ணீரும் உடம்பை விறைக்க வைக்கும். கீழே இறங்கி மதுரையிலோ கோவையிலோ ஒரு நீச்சல் குளத்தில் சேருங்கள். வேகம் தேவையில்லை. காலை ஊன்றாமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும், பதறாமல் 50 மீட்டர் போக வேண்டும். பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு ஒருநாள் சட்டை பேண்ட்டோடு தண்ணீரில் இறங்கிப் பாருங்கள். நனைந்த துணி கையை எப்படிப் பிடித்து இழுக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

லைஃப் ஜாக்கெட்டிலும் வகை உண்டு. அது எவ்வளவு விசையோடு மிதக்க வைக்கும் என்பதை நியூட்டன் கணக்கில் போட்டிருப்பார்கள். 50 நியூட்டன் என்று போட்டிருப்பது, நீந்தத் தெரிந்தவர் கரையோரமாகச் சின்னப் படகு ஓட்டும்போது போடுவது. 150 நியூட்டன் என்பது நினைவு தப்பினாலும் பெரும்பாலும் முகத்தை வானம் பார்க்கத் திருப்பி வைப்பது. கடலுக்குப் போக இரண்டாவதுதான் வேண்டும். தொடையிடையில் மாட்டும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலேறி முகத்தை மறைத்துவிடும்.

அடுத்து துடுப்பு. கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரை கலெக்டர் வீர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கியது. அதில் விட்ட முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. 1890 முதல் இங்கே படகு கிளப் இருக்கிறது. பாய் விரித்த தோணிகளில் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன ஊரிலிருந்து நம் ஏரிக்குப் படகு வந்தது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம் உண்டு.

அந்த ஏரியிலோ ஊட்டி ஏரியிலோ மிதிபடகை விட்டுவிட்டுத் துடுப்புப் படகை எடுங்கள். கூட வரும் படகுக்காரரிடம் துடுப்பைக் கேட்டு வாங்கி நான்கு காரியம் பழகுங்கள்: நேராகப் போவது, நின்ற இடத்திலேயே திரும்புவது, பின்னால் போவது, கரையில் இடிக்காமல் ஒட்டி நிறுத்துவது. நான்காவதுதான் அசல் பாடம். படகுக்குப் பிரேக் கிடையாது. படித்துறை இன்னும் தள்ளி இருக்கும்போதே என் படகுக்காரர் சொல்வார், "தம்பி, இழுக்கறதை இங்கயே நிறுத்து, மிச்சத்தை அதுவே போகும்." அவர் சொன்ன இடத்தில் துடுப்பைத் தூக்கினால், படகு தானாக நகர்ந்து வந்து கைநீட்டும் தூரத்தில் நிற்கும். காற்று பின்னாலிருந்து தள்ளும் நாளில் அந்தக் கணக்கு மாறும். சுற்றி வந்து காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு துறையை அணுக வேண்டும். 30 அடிப் படகைத் துறையில் கட்டும்போதும் முடிந்தவரை இதே முறைதான்.

காற்றைப் படிப்பது

பாய்மரக்காரருக்குக் காற்றுதான் எஞ்சின். அதைப் படிக்க மலையைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805-இல் வகுத்த காற்று அளவை இன்றும் கடல் முழுக்கப் பயன்படுகிறது. அதற்கு நிலத்து அடையாளங்களும் பின்னால் சேர்ந்தன. முகத்தில் காற்று படுகிறது, இலை சலசலக்கிறது என்றால் அளவு 2, அதாவது 4 முதல் 6 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்). இலையும் சிறு சுள்ளியும் ஓயாமல் ஆடினால் 3. அது 7 முதல் 10 நாட். புழுதியும் காகிதமும் பறந்து, சிறு கிளைகள் அசைந்தால் 4. 11 முதல் 16 நாட். சின்ன மரமே ஆடத் தொடங்கினால் 5. 17 முதல் 21 நாட். பெரிய கிளைகள் ஆடி, மின்கம்பி விசிலடித்து, குடை பிடிக்க முடியாமல் போனால் 6.

தினமும் காலையும் மாலையும் வீட்டு வாசலில் நின்று, கற்பூர மரத்தையும் சில்வர் ஓக்கையும் பார்த்து ஓர் எண்ணை நோட்டில் எழுதுங்கள். திசையையும் எழுதுங்கள். பிறகு போனில் வானிலைச் செயலி என்ன சொல்கிறது என்று ஒப்பிடுங்கள். ஒரு பருவம் முழுக்க இதைச் செய்தவருக்குக் கடற்கரையில் நின்று "இன்று போகலாமா?" என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. புதிதாகக் கற்பவருக்கு 2-ம் 3-ம் சரி. ஆசிரியர் கூட இருந்தால் 4-ம் நல்லது. 5 என்றால் கரையிலேயே இருந்து மற்றவர்கள் ஓட்டுவதைப் பாருங்கள்.

கொடைக்கானலில் மலைவிளிம்பை ஒட்டிப் போகும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் காலையில் பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரிந்து, வெயில் ஏறியபின் கீழேயிருந்து மூடுபனி சரிவைப் பிடித்து மேலேறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான சரிவு காற்றை மேலே இழுக்கிறது. ராத்திரியில் குளிர்ந்த காற்று திரும்பக் கீழே வழிந்து இறங்குகிறது. கடற்கரையிலும் நடப்பது இதுதான். பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து காற்று கரைக்கு வரும், ராத்திரி கரையிலிருந்து கடலுக்குப் போகும். இங்கே பனியின் நடையைக் கவனித்துப் பழகியவர் சென்னைக் கடற்காற்று எந்த நேரத்தில் கிளம்பும் என்பதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்.

ஏரிக்குத் திரும்பவும் வாருங்கள். சுற்றிலும் குன்றும் மரமும் இருப்பதால் அங்கே காற்று ஒரே சீராக வராது. சுழன்று சுழன்று அடிக்கும். தண்ணீர்ப் பரப்பில் கருத்த திட்டு ஒன்று உங்களை நோக்கி நகர்ந்து வந்தால், அதுதான் வரப்போகும் காற்றடி. அது எத்தனை விநாடியில் முகத்தில் படும் என்று மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். பாய்ப் படகில் அந்தச் சில விநாடிகள்தான் கயிற்றைத் தளர்த்தக் கிடைக்கும் நேரம்.

மூன்று முடிச்சு

முடிச்சுப் புத்தகத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும். மூன்று போதும்: எட்டு முடிச்சு, கிளீட்டில் (கயிற்றைச் சுற்றிக் கட்டும் இரண்டு கொம்புப் பிடி) கட்டுவது, போலைன். 10 மில்லிமீட்டர் கயிறு 2 மீட்டர் வாங்கி நாற்காலிப் பக்கத்தில் தொங்கவிடுங்கள்.

போலைன் என்பது எவ்வளவு இழுத்தாலும் சுருங்காத, பிறகு சுலபமாக அவிழ்க்க முடிகிற வளையம். கயிற்றின் நீளப் பகுதி உங்களிடமிருந்து எதிரே போகட்டும், நுனி உங்கள் கையில் இருக்கட்டும். நுனிப் பக்கக் கயிறு நீளப் பகுதியின் மேல் படியும்படி ஒரு சின்னக் கண்ணி போடுங்கள். நுனியை அந்தக் கண்ணிக்குள் கீழிருந்து மேலே கொண்டுவாருங்கள். நீளப் பகுதிக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, அதே கண்ணிக்குள் மேலிருந்து கீழே விட்டு இறுக்குங்கள். நுனி ஒரு சாண் மிச்சம் இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டும், ஈரக் கையாலும், ஜனவரிக் காலையில் விரல் விறைத்திருக்கும்போதும் போடப் பழகுங்கள்.

சின்னப் படகில் பாய்

இதற்கு மலையை விட்டு இறங்கியே ஆக வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன் இருக்கிறது. பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னையில் ஒரு கோடை முகாமில்தான் பழகத் தொடங்கினார். வகுப்பு எப்போது, கட்டணம் என்ன, பெரியவர்களைச் சேர்க்கிறார்களா என்று நேரில் விசாரித்துவிட்டு லீவு போடுங்கள். பெரிய படகில் ஆரம்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 4 மீட்டர் படகில் நீங்கள் உட்காரும் இடம் ஒரு சாண் மாறினாலும் படகு உடனே பதில் சொல்லும். 10 மீட்டர் படகு அதையெல்லாம் மறைத்துவிடும். தப்பு நடந்தது தெரியவே அரை நிமிடம் ஆகும்.

அடிப்படை இவ்வளவுதான். காற்று வரும் திசைக்கு நேராகப் படகு போகாது. இரண்டு பக்கமும் சுமார் 45 டிகிரி விலகித்தான் போக முடியும். அந்தப் பக்கம் போக வேண்டுமானால் மலைப்பாதை போல வளைத்து வளைத்து ஏற வேண்டும். பாயை இழுக்கும் கயிற்றுக்கு ஷீட் என்று பெயர். பாய் படபடவென்று அடிக்கும்வரை அதைத் தளர்த்துங்கள். படபடப்பு நிற்கும்வரை மட்டும் இழுங்கள். அதற்கு மேல் இழுப்பதுதான் புதியவர்கள் எல்லோரிடமும் இருக்கும் பழக்கம்: இறுக்கினால் வேகம் கூடும் என்று கை நினைக்கும். கூடாது, படகு சாயும், வேகம் குறையும். படகு சாய்ந்து பயம் வந்தால் முதலில் ஷீட்டை விடுங்கள், மற்றதைப் பிறகு யோசிக்கலாம்.

சுக்கான் பிடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். முதல் வகுப்பில் கை குழம்பும், சில மணி நேரத்தில் சரியாகிவிடும்.

திரும்புவதில் இரண்டு வகை. படகின் முனை காற்றைக் கடந்து திரும்பினால் டாக். அதில் அவ்வளவு ஆபத்தில்லை. படகின் பின்பக்கம் காற்றைக் கடந்தால் ஜைப். அப்போது பாயின் அடியில் இருக்கும் பூம் கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்ந்து வரும். சின்னப் படகில் தலை வீங்கும். பெரிய படகில் உயிரே போயிருக்கிறது. ஷீட்டை முதலில் உள்ளே இழுத்துக்கொண்டு, கூட இருப்பவர்களிடம் குரல் கொடுத்து, எல்லோரும் தலையைத் தாழ்த்திய பிறகுதான் திருப்ப வேண்டும்.

கவிழ்வதையும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நல்ல ஆசிரியர் முதல் வாரத்திலேயே வேண்டுமென்றே கவிழ்த்துக் காட்டுவார். விதி ஒன்றுதான்: படகை விட்டு நீந்திப் போகக் கூடாது. ஷீட்டைத் தளர்த்திவிட்டு, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மையப் பலகையில் ஏறி நின்று, பின்னால் சாய்ந்து இழுத்தால் படகு நிமிரும். இதைத் தனியாகச் செய்ய வந்துவிட்டால் தண்ணீர் மேல் உள்ள பயத்தில் பெரும்பகுதி போய்விடும்.

அடுத்தவர் படகில் ஆளாகப் போவது

சின்னப் படகு கைக்கு வந்ததும் பெரிய படகில் ஆளாகச் சேருங்கள். சென்னை, கோவா, மும்பை கிளப்புகளில் பந்தய நாளில் கயிறு பிடிக்க ஆள் குறைவது உண்டு. சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன வேலையைச் செய்து, முடிந்ததும் படகைக் கழுவிவிட்டுப் போகிறவரை மறுபடி கூப்பிடுவார்கள்.

கடல் குமட்டலைப் பற்றி மலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வத்தலக்குண்டு பாதையிலும் கல்லட்டி வளைவுகளிலும் பஸ்ஸில் பட்டதுதான். உள்காது ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும். மருந்தும் அதேதான்: கீழே அறைக்குள் போகாமல் மேலே உட்காருங்கள், தொடுவானத்தைப் பாருங்கள், முடிந்தால் சுக்கானை வாங்கிக்கொள்ளுங்கள், போனை எடுக்காதீர்கள். மாத்திரை போடுவதானால் டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போடுவதில் பயன் குறைவு.

ராத்திரிப் பயணம் ஒன்றாவது இந்தக் கட்டத்திலேயே போய் வாருங்கள். முறைவைத்துத் தூங்குவது உடம்புக்குப் பழக வேண்டும். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், கடற்படை அதிகாரிகள், 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பித் தாரிணி என்ற படகில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். படகில் இரண்டே பேர். அந்தப் பயணத்துக்கு முன்னால் அவர்களுக்கு 3 ஆண்டுப் பயிற்சி இருந்தது. அவசரப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இந்த 3 ஆண்டுக் கணக்கைத்தான்.

குடியிருந்து பார்ப்பது

முதல் ஒத்திகை வீட்டிலேயே. ஒரு வாரம் குழாயைத் தொடாதீர்கள். 20 லிட்டர் கேன் ஒன்றை வைத்து, இருவருக்குச் சமையல், குடிநீர், பாத்திரம், முகம் கழுவல் எல்லாம் ஒருநாள் நடத்துங்கள். அடுத்த நாள் 15 லிட்டரில் முயலுங்கள். படகில் தொட்டி தீர்ந்தால் கேனைச் சுமந்து வர வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு உடம்பில் ஏற வேண்டும்.

மின்சாரக் கணக்கு இப்படி. சாதாரண லெட் ஆசிட் பேட்டரி 100 ஆம்பியர்-மணி என்றால் பாதியைத்தான் செலவழிக்கலாம். அதற்குக் கீழே போனால் பேட்டரி சீக்கிரம் சாகும். ஆக 12 வோல்ட்டில் 50, சுமார் 600 வாட்-மணி. 60 வாட் எடுக்கும் லேப்டாப்பை 8 மணி நேரம் ஓட்டினால் 480 போய்விடும். மிச்சத்தில் விளக்கும் மின்விசிறியும். 100 வாட் சோலார் பலகை நல்ல வெயிலில் ஒருநாளைக்கு 350 முதல் 400 வாட்-மணி கொடுத்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகிலிருந்து வேலை பார்க்க நினைப்பவர் ஃபிரிட்ஜ் ஆசையை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வளர்க்க வேண்டும்.

கேஸ் அடுப்பைப் பற்றி இதைவிட அழுத்தமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை: எல்பிஜி காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவுக்கடியில் வெளியே போகவாவது வழி இருக்கும். படகில் கசிந்தால் தரைப் பலகைக்குக் கீழே அடிப்பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரு பொறி போதும். சமைத்து முடித்ததும் அடுப்புக் குமிழோடு நிறுத்தாமல் சிலிண்டர் வால்வையும் மூடுங்கள். சிலிண்டர் இருக்க வேண்டிய இடம் மேல்தளத்தில், கசிவு கடல் பக்கமே வெளியேறும் தனிப் பெட்டி. கசிவு அலாரத்தை அடிப்பள்ளத்துக்கு அருகில் பொருத்துங்கள்.

ஈரமும் பூஞ்சையும் நமக்குப் பழக்கம். ஆடி மாதம் தோல்பையில் பச்சை பூக்கும் ஊரில் இருந்துவிட்டுப் போகிறோம். மெத்தைக்கடியில் காற்றுப் போக மரச்சட்டம் போடுவது, துணியைச் சுவரை ஒட்டி அடுக்காதது எல்லாம் அப்படியே படகுக்கும் பொருந்தும்.

இதெல்லாம் பழகியபின் தெரிந்தவர் படகில் சில நாள் தங்கக் கேளுங்கள். மழை பெய்யும் வாரமாகப் பார்த்துக் கேளுங்கள். கூடவே ஒரு விதியையும் வைத்துக்கொள்ளுங்கள்: குடித்தனம் எப்படிப் பரவிக் கிடந்தாலும், ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் ஒதுக்கிக் கட்டிவிட்டுக் கிளம்ப முடிய வேண்டும். முடியவில்லையா, பொருளைக் குறையுங்கள்.

வாங்கும் கட்டம்

படகுக்கு முன்னால் கட்டும் இடத்தைத் தேடுங்கள். மலையிலிருந்து பார்த்தால் கொச்சி, போல்காட்டித் தீவில் இருக்கும் மரினா (படகுகளைக் கட்டி வைக்கும் துறை) கைக்கெட்டும் தூரம். தங்க அனுமதி உண்டா, எத்தனை நாள், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் என்ன கட்டணம் என்று எழுத்தில் வாங்குங்கள். இருவருக்கு 26 முதல் 30 அடிப் படகு தாராளம். விற்கிறவருக்குத் தொடர்பில்லாத, படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயரைக் கொண்டு, படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். படகின் அடியில் உள்ள ஒவ்வொரு குழாய்த் துவாரத்திலும் வால்வு சுலபமாகத் திரும்ப வேண்டும், பக்கத்தில் அதன் அளவுக்கு ஒரு மரக்கட்டை அடைப்பு கட்டித் தொங்க வேண்டும்.

பருவமும் முதல் பயணமும்

மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று. அந்த மாதங்களில் புதியவருக்குக் கடலில் வேலையில்லை. கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். கொச்சியில் வைத்திருப்பவர் மே மாதத்துக்குள் பாய்களைக் கழற்றி மடித்து, கயிறுகளை இரட்டிப்பாக்கி, உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டைச் சுற்றிவிட வேண்டும்.

முதல் பயணத்துக்கு முந்தின நாள், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லி, கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணையும் கொடுங்கள். படகிலிருந்து பேசும் விஎச்எஃப் ரேடியோ, ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனலில் இருக்கட்டும். கொச்சிக் கால்வாயில் பெரிய கப்பல் வந்தால் பாய்மரத்துக்கு முன்னுரிமை என்று நினைத்து நிற்காதீர்கள். குறுகிய கால்வாயில் அதற்கு வழிவிட வேண்டியது நீங்கள்தான். பாயைச் சுருக்கலாமா என்று தோன்றினால் அப்போதே சுருக்குங்கள்.

காலையில் கிளம்புங்கள், மொத்தம் 3 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அது பின்னாலிருந்து கொண்டுவந்து சேர்க்கும். நங்கூரம் போட்டுச் சாப்பிடுவதானால், 4 மீட்டர் ஆழத்துக்கு 28 மீட்டர் கயிறு விடுங்கள், அதாவது ஆழத்தைப் போல 7 மடங்கு. பிறகு கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அவை விலகாமல் நின்றால் நங்கூரம் பிடித்திருக்கிறது, சாப்பாட்டை எடுக்கலாம்.